வாந்தியை எழுதி வைத்தவர்கள்

சித்த மருத்துவம் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு,

பாளையங்கோட்டையிலும் அரும்பாக்கத்திலும் தாம்பரத்திலும், இன்னும் பல தனியார் கல்லூரிகளிலும் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடலை எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருந்துகளின் வரலாற்றைப் படித்துப் பத்திரிகைகளில் எழுதுகிறவன். உங்கள் துறையைக் கேலி செய்ய வரவில்லை. அந்த வேலைக்கு ஆட்கள் ஏற்கெனவே தாராளமாக இருக்கிறார்கள்.

உங்கள் துறையின் பெயரால் ஊரெங்கும் ஒரு பேச்சு உலவுகிறது. பேருந்து நிலையச் சுவரொட்டியில் இருக்கிறது, யூடியூபில் இருக்கிறது, இலவச முகாம் மேடையில் ஒலிபெருக்கி வழியாகவும் வருகிறது: “மூலிகைதானே, பக்கவிளைவே கிடையாது.” இதை உங்கள் தலைமுறையோடு நிறுத்திவிடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நிறுத்தினால் மட்டும் போதாது, அந்த இடத்தில் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒரு சீனச் செடியைப் பற்றிச் சொல்ல அனுமதியுங்கள். நம்மூர்ச் செடி ஒன்றை உதாரணத்துக்கு எடுத்தால் முதல் வரியிலேயே இரண்டு கட்சி பிரிந்துவிடும். சாங்ஷான் செடிக்கு இங்கே கட்சி கிடையாது, நிதானமாகப் பேசலாம்.

சாங்ஷான் இடுப்பளவிலிருந்து ஆள் உயரம் வரை வளரும் ஒரு பூம்புதர். சிச்சுவான், குய்சோ, ஹூனான் என்று தென்சீன மாநிலங்களின் ஈரமான மலைச்சரிவுகளில் பெரிய மரங்களின் நிழலை ஒண்டி வளரும். நேபாளம், சிக்கிம், பூட்டான் பக்கத்து இமயச் சரிவுகளிலும் உண்டு. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பங்களாத் தோட்டங்களில் பந்து பந்தாகப் பூத்துக் கிடக்கும் ஹைட்ரேஞ்சியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூ வெளிர்நீலம். பழுத்த காய் கருநீலம், பார்த்தால் கோர்த்துப் போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும். வியட்நாமில் பல்லாண்டுகள் இருந்த லொரெய்ரோ என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் 1790-இல் இதற்கு டைக்ரோவா ஃபெப்ரிஃப்யூகா என்று தாவரவியல் பெயர் வைத்தார். இந்த அழகெல்லாம் மருந்துக்குத் தேவையில்லை. மருந்து இருப்பது மண்ணுக்குள், மஞ்சள் பாய்ந்த, கோணல்மாணலான, கடினமான வேரில். நல்ல சரக்கைச் சீன மருந்துக்கடைக்காரர்கள் ‘கோழியெலும்பு சாங்ஷான்’ என்பார்கள். இலையும் மருந்துதான். அதை ஷூச்சி என்று தனிச் சரக்காகவே வைத்திருக்கிறார்கள்.

எதற்கு மருந்து? முறைக்காய்ச்சலுக்கு. ஒருநாள் விட்டு ஒருநாளோ இரண்டு நாள் விட்டோ குளிர் தூக்கிப்போட்டு, பிறகு அனல் பறந்து, பிறகு வியர்த்துக் கொட்டி விடுமே, அந்தக் காய்ச்சலுக்கு. இன்று நாம் மலேரியா என்பது.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனித்துப் படியுங்கள். ஹான் பேரரசுக் காலத்தில் தொகுக்கப்பட்டதாகக் கருதப்படும் ‘ஷென்னோங் பென்சாவ் ஜிங்’ என்ற மருந்துநூல் 365 சரக்குகளை மூன்று தரமாகப் பிரிக்கிறது. மேல்தரத்தில் 120. அவற்றை நெடுநாள் சாப்பிடலாம், உடம்பை வளர்க்கும். நடுத்தரத்தில் 120. கீழ்த்தரத்தில் 125. இங்கே கீழ்த்தரம் என்பதை மட்டமான சரக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயைத் தாக்கும், நஞ்சும் உண்டு, வேலை முடிந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்று அர்த்தம். சாங்ஷான் வேரும் ஷூச்சி இலையும் அந்த மூன்றாம் வரிசையில் இருக்கின்றன. காய்ச்சலை நிறுத்தும் மருந்து என்று தெரிந்தே, மெச்சிக்கொண்டே, நச்சுச் சரக்குகளோடு சேர்த்து உட்கார வைத்திருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் கே ஹோங் எழுதிய அவசர மருத்துவக் கையேட்டில், முறைக்காய்ச்சல் பகுதியில் சாங்ஷான் சேர்ந்த முறைகள் பல உண்டு.

நச்சு என்று சொன்னார்களே, என்ன செய்யும்? வாந்தி. குடலைப் புரட்டிக்கொண்டு வரும் வாந்தி. இதைச் சீன மருத்துவர்கள் மறைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாக எழுதினார்கள். எழுதியதோடு விடாமல் அதோடு மல்லுக்கட்டினார்கள். வேரை மதுவில் பிசிறி வறுத்தால் வாந்தி குறைகிறது என்று கண்டார்கள். பச்சையாகக் கொடுத்தால் கபத்தை வாந்தியாக வெளியேற்ற, மதுவில் வறுத்துக் கொடுத்தால் முறைக்காய்ச்சலை நிறுத்த என்று ஒரே வேருக்கு இரண்டு வேலை பிரித்தார்கள். காய்ச்சல் வந்த பிறகு கொடுப்பதைவிட, வரவிருக்கும் முறைக்குச் சில மணி நேரம் முன்னால் கொடுப்பது நல்லது என்றும் எழுதினார்கள். இன்றைய சீன அரசின் மருந்துக் கோவையை எடுத்துப் பாருங்கள். சாங்ஷான் பதிவில் அளவு 5 முதல் 9 கிராம். அதற்கடியிலேயே, வாந்தியெடுக்க வைக்கும் பக்கவிளைவு உண்டு, அளவு மிஞ்சக் கூடாது, கர்ப்பிணிகளுக்குக் கவனமாகக் கொடுக்க வேண்டும் என்ற எச்சரிக்கை. தம் மரபின் மீது அவர்களுக்கு இருக்கும் பெருமை நம் பெருமைக்குக் குறைந்தது இல்லை. பக்கவிளைவு என்ற சொல் அவர்களுடைய அதிகாரபூர்வ நூலில், மரபு மருந்தொன்றின் பெயருக்குக் கீழே பதிவாகியிருக்கிறது. யாரும் குறைந்துபோய்விடவில்லை.

இதைச் சீனாவிடம்தான் கற்க வேண்டும் என்று நான் சொன்னால் உங்களுக்குக் கோபம் வர வேண்டும். ஏனென்றால் உங்கள் நூல்களிலும் இதேதான் இருக்கிறது. சேராங்கொட்டையை மூக்கு நீக்கிச் சுத்தி செய்யாமல் தொடக்கூட விடமாட்டார்கள் உங்கள் ஆசிரியர்கள். நேர்வாளத்தின் மேல்தோலையும் உள்முளையையும் நீக்காமல் கொடுத்தால் என்ன ஆகும் என்று முதல் ஆண்டு மாணவரைக் கேட்டாலும் சொல்வார். எட்டிக்கொட்டைக்கும் நாபிக்கும் சுத்தி உண்டு. பாடாணங்களை 64 என்று எண்ணி வகைப்படுத்தியது உங்கள் மரபு. எந்தச் சரக்கு மிஞ்சினால் என்ன குறிகுணம் வரும், எதைக் கொடுத்தால் முறியும் என்று நஞ்சுக்கும் முறிவுக்கும் தனியே நூல் செய்ததும் அதே மரபு. பத்தியம் எதற்கு? அனுபானம் எதற்கு? மருந்து எந்தத் தொந்தரவும் செய்யாது என்றால் இவை எதுவும் தேவைப்பட்டிருக்காது. நாட்டின் சட்டம்கூட இதை அறியும். மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் விதிகளில் ஈ(1) என்று ஓர் அட்டவணை இருக்கிறது. ஆயுர்வேத, சித்த, யுனானி மருந்துகளில் சேரும் நச்சுச் சரக்குகளின் பட்டியல் அது. அவை சேர்ந்த மருந்தின் மேல், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை இருந்தாக வேண்டும்.

ஆக, ‘பக்கவிளைவே கிடையாது’ என்பது சித்தர் வாக்கு இல்லை. விளம்பரக்காரர் வாக்கு. அதைச் சொல்கிறவர் தம் மரபை உயர்த்துவதாக நினைக்கிறார். உண்மையில், சுத்தி முறைகளை ஓலையில் கீறி வைத்தவர்கள் வேலையற்றுப்போய்க் கீறினார்கள் என்று சொல்கிறார்.

சாங்ஷானின் மிச்சக் கதைக்கு வருகிறேன். உங்களில் சிலருக்கு இது பிடிக்காது, சிலருக்கு ரொம்பப் பிடிக்கும்.

1942-இல் ஜப்பான் ஜாவாவைப் பிடித்தது. உலகத்தின் மலேரியா மருந்தான கொய்னா பெரும்பாலும் ஜாவாவின் சிங்கோனாத் தோட்டங்களிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஜப்பானியரோடு போரில் இருந்த சீன அரசு அப்போது சோங்சிங்கில் ஒதுங்கியிருந்தது. அந்தப் பக்கமெல்லாம் மலேரியா, கைவசம் கொய்னா இல்லை. அந்தப் போர் ஆண்டுகளில் ஆளும் குவோமின்டாங் கட்சியின் பெரிய தலை ஒருவர், சென் குவோஃபு, நாட்டு மருந்துமுறை ஒன்றைக் கையிலெடுத்தார். பல சரக்குகள் சேர்ந்த கூட்டு மருந்து அது. நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், கேட்டது. எந்தச் சரக்கு வேலை செய்கிறது என்று பிரித்துப் பார்த்தால், சாங்ஷான். சாங் சாங்ஷாவ் என்ற மருந்தியலாளரும் அவருடைய குழுவினரும் ஆய்வகத்தில் அதை உறுதிசெய்தார்கள். 1946-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்களுடைய கட்டுரை வந்தது. மறு ஆண்டு கலிஃபோர்னியாவில் கெப்ஃப்ளி குழுவினர் வேரிலிருந்து ஃபெப்ரிஃப்யூஜின் என்ற ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்து அறிவித்தார்கள். பறவைகளுக்கு வரும் மலேரியாவில் கொய்னாவைவிடப் பல மடங்கு வீரியம் காட்டியது அது.

இதில் உங்களுக்கு உறுத்த வேண்டிய இடம் ஒன்று உண்டு. எனக்கும் உறுத்தியது. ஷான் சியாங்-லின் லெய் என்ற வரலாற்றாய்வாளர் 1999-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார். சாங்ஷான் முறைக்காய்ச்சலுக்கு மருந்து என்று மரபு மருத்துவர்கள் நூற்றாண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆய்வகம் ஒப்புக்கொண்ட பிறகு அதற்கு ‘கண்டுபிடிப்பு’ என்று பெயர் வந்தது. புகழ் ஆய்வகத்துக்குப் போனது, சொன்னவர்கள் வாசலில் நின்றார்கள். நிலவேம்பையோ ஆடாதொடையையோ எவராவது ‘கண்டுபிடித்து’விட்டதாகச் செய்தி வரும்போது உங்களுக்கு எரிகிறதே, அதே எரிச்சல். நியாயமான எரிச்சல். இன்னொன்றும் சொல்கிறார் லெய். முதலில் வேதியியல், பிறகு விலங்கு, கடைசியில் மனிதர் என்று போவதுதான் அன்றைய ஆய்வு ஒழுங்கு. சாங்ஷான் விஷயத்தில் அது தலைகீழாக, நோயாளியிலிருந்து தொடங்கியது. ஏற்கெனவே மனிதர் சாப்பிட்டு வரும் மருந்தை ஆராய அதுவே நேர்வழி என்று வாதாட இடமிருக்கிறது. உங்களுக்கும் பயன்படக்கூடிய வாதம், வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவ்வளவு வீரியமான ஃபெப்ரிஃப்யூஜின் ஏன் மலேரியா மாத்திரையாக நம் மருந்துக்கடைக்கு வரவில்லை? வாந்திதான் காரணம். பழைய நூல்கள் எச்சரித்த அதே வாந்தி. கூடவே குடலுக்குச் சேதம். மலேரியாவை நிறுத்தும் அளவுக்கும் மனிதரைப் படுக்கவைக்கும் அளவுக்கும் இடையில் போதிய இடைவெளி கிடைக்கவில்லை. 1960களில் அமெரிக்காவில் சயனமிட் நிறுவனம் அதன் மூலக்கூறைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்த்தது. அப்படிக் கிடைத்த ஹாலோஃப்யூஜினோன் மனிதருக்கு மருந்தாகவில்லை, கோழிக்கு மருந்தானது. கோழிகளுக்கு வரும் இரத்தக் கழிச்சலைத் தடுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். (பல்லடத்திலும் நாமக்கல்லிலும் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு அந்த நோய் எப்படிப்பட்டது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.) 1967 மே 23 அன்று, வியட்நாம் போரை முன்னிட்டுச் சீனா தொடங்கிய ‘523’ என்ற ரகசிய மலேரியாத் திட்டமும் முதலில் சாங்ஷானைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது, அந்த வாந்தியை எப்படியாவது அடக்கிவிடலாம் என்று. முடியவில்லை. ஃபெப்ரிஃப்யூஜினின் அமைப்பைப் பின்பற்றிச் செய்த ஒரு பொருள் மட்டும் இதயத்துடிப்புக் கோளாறுக்கு உதவும் என்று பின்னால் தெரியவந்தது. வேர் எங்கோ தொடங்கி எங்கோ போய்விட்டது.

ஏன் இப்படி என்பதற்கு விடை வந்தது 2012-இல். ஹார்வர்டைச் சேர்ந்த குழு ஒன்று, ஃபெப்ரிஃப்யூஜினும் ஹாலோஃப்யூஜினோனும் உயிரணுவுக்குள் எதைப் பிடிக்கின்றன என்று காட்டியது. புரதம் கட்டும் வேலையில் புரோலின் என்ற அமினோ அமிலத்தை ஏற்றிவிடும் நொதி ஒன்று இருக்கிறது. வேரின் மருந்து அந்த நொதியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. புரோலின் ஏறுவது நிற்கிறது, உயிரணு பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துப் பதறுகிறது. மலேரியா ஒட்டுண்ணியிலும் தாக்கப்படுவது இதே வகை நொதிதான் என்று மூன்று ஆண்டுகள் கழித்து இன்னோர் ஆய்வு காட்டியது. அந்த நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. அதனால்தான் நோயை அடிக்கும் கையும் நோயாளியை அடிக்கும் கையும் ஒன்றாக இருக்கின்றன. இன்று ஆய்வாளர்கள் ஒட்டுண்ணியின் நொதியை மட்டும் பிடித்து மனித நொதியை விட்டுவிடும் மூலக்கூறுகளைத் தேடுகிறார்கள்.

‘வாந்தி வரும்’ என்று யாரோ ஒரு பழங்காலத்து வைத்தியர் எழுதாமல் விட்டிருந்தாலும் ஆய்வகம் அதைக் கண்டிருக்கும் என்பீர்கள். கண்டிருக்கும், ஆட்களைப் படுக்கவைத்த பிறகு. மதுவில் வறுக்கும் முறையும் நேரக் கணக்கும் அளவுக் கணக்கும் பிறந்தது வாந்தியை மறைத்ததால் இல்லை, அதைப் பார்த்துக் குறித்துக்கொண்டே இருந்ததால். அந்த 523 திட்டத்தில்தான் து யூயூ என்ற ஆய்வாளர் கே ஹோங்கின் அதே கையேட்டைப் படித்து ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்துக்கு வழி கண்டார், 2015-இல் நோபல் பரிசு வாங்கினார். அந்தப் பரிசை மேடைதோறும் சொல்கிறோம். 1972-இல் விலங்குச் சோதனையில் ஏதோ நச்சுக்குறி தெரிவதுபோல் பட்டதும், அவரும் சக ஊழியர்கள் இருவரும் மருத்துவமனையில் சேர்ந்து, தாங்களே அந்தச் சாற்றைக் குடித்துக் கண்காணிப்பில் இருந்தார்களே, அதை எத்தனை மேடையில் சொல்லியிருக்கிறோம்? பழைய நூலின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லாமலா குடித்தார்?

எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சீன மருந்துச் சரக்கிலேயே உதாரணம் இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் இளைக்கும் மருந்து கொடுத்த ஒரு மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற பெண்கள் ஒருவர் பின் ஒருவராகச் சிறுநீரகம் கெட்டு வந்தார்கள். நூறு பேருக்கு மேல். காரணம் தேடினால், மாத்திரையில் இருக்க வேண்டிய சீன மூலிகைக்குப் பதிலாகப் பெயர் ஒத்த இன்னொரு மூலிகை சேர்ந்திருந்தது, அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிக்கிறது, பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயும் வைக்கிறது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதியான முதல் பிரிவில் வைத்திருக்கிறது. சாங்ஷான் குடித்தவர் அன்றைக்கே வாந்தியெடுப்பார், வைத்தியருக்குத் தெரிந்துவிடும். அரிஸ்டோலோக்கியா சத்தம் போடாது. சாப்பிட்டவர் நன்றாகத்தான் இருக்கிறேன் என்று வைத்தியருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போவார். சிறுநீரகம் கெடும்போது வேறு ஊரில், வேறு மருத்துவமனையில், வேறு டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். நூற்றாண்டுகளாகச் சாப்பிடுகிறோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற வாதம் உடைந்துபோகும் இடம் இது. ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும், ஆனது நமக்குத் தெரிய வரவில்லை என்பதற்கும் இடையில் எத்தனை பேர் விழுந்திருப்பார்களோ.

இது அயலூர்க் கதை என்று தள்ளிவிட முடியாது. நம்முடைய ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அரிஸ்டோலோக்கியாதான். இதை உங்கள் வகுப்பில் யாராவது பேசினார்களா? பேசியிருந்தால் அந்த ஆசிரியருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். பேசவில்லை என்றால் நீங்கள் எழுந்து கேளுங்கள்.

நீங்கள் மனத்துக்குள் சொல்லும் பதில் எனக்குக் கேட்கிறது. “ஆங்கில மருந்துக்கு மட்டும் பக்கவிளைவு இல்லையா?” இருக்கிறது, ஏராளமாக இருக்கிறது. தாலிடோமைடு என்ற ஒரே மருந்து ஆயிரக்கணக்கான குழந்தைகளைக் கைகால் குறையோடு பிறக்க வைத்தது. அது எப்படி வெளியே வந்தது? 1961-இல் ஆஸ்திரேலியாவின் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ‘லான்செட்’ இதழுக்குச் சில வரிக் கடிதம் எழுதினார்: இந்த மருந்து சாப்பிட்ட தாய்மார்களின் குழந்தைகளிடம் இப்படிப் பார்க்கிறேன், வேறு யாராவது பார்த்தீர்களா என்று. ஜெர்மனியில் இன்னொருவர் அதே சமயத்தில் அதையே கண்டு சொன்னார். 1968-இல் உலக சுகாதார அமைப்பின் மருந்துக் கண்காணிப்புத் திட்டம் அந்தப் பேரழிவிலிருந்துதான் பிறந்தது. இன்று எந்த மாத்திரை அட்டையை வாங்கினாலும் உள்ளே எறும்பு எழுத்தில் ஒரு தாள் மடித்திருக்கிறதே, அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பின்னால் எங்கோ ஒருவர் பட்டிருக்கிறார், இன்னொருவர் எழுதியிருக்கிறார். அந்தத் தாளைக் காட்டி ‘பாருங்கள், எவ்வளவு பக்கவிளைவு’ என்று நம்மவர்கள் சிரிப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கும். அந்தத் தாள் இல்லாத மருந்தைப் பார்த்துத்தான் பயப்பட வேண்டும்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கனமானது. “நாங்கள் எழுதினால் எங்களைப் பிடிக்காதவர்கள் அதையே எடுத்து எங்களை அடிப்பார்கள்.” அடிப்பார்கள்தான், மறுக்கவில்லை. ஒரு சித்த மருத்துவரின் நோயாளிக்கு ஈரல் கெட்டால் அது தலைப்புச் செய்தி, பாரசிட்டமால் மிஞ்சி ஈரல் கெட்டால் உள்பக்கத்தில் இரண்டு வரி. இந்த ஓரவஞ்சனை இருக்கிறது. ஆனால் அடிப்பவர் கையில் நீங்கள் எழுதிய பதிவு இருப்பதைவிட, நீங்கள் எழுதாமல் விட்டது இருப்பதுதான் ஆபத்து. பதிவு இருந்தால், பத்தாயிரம் பேருக்குக் கொடுத்தோம், இத்தனை பேருக்கு இது வந்தது, இப்படிச் சமாளித்தோம் என்று நிமிர்ந்து பேசலாம். பதிவு இல்லையென்றால் ‘பக்கவிளைவே கிடையாது’ என்று சொன்னவர் பொய்யர் ஆகிவிடுகிறார், அவரோடு சேர்ந்து நல்ல மருந்தும் பொய்யாகிறது.

டெங்கு வந்தபோது நிலவேம்புக் குடிநீர், கொரோனா வந்தபோது கபசுரக் குடிநீர். எங்கள் தெருவிலும் அண்டா வைத்து ஊற்றினார்கள், நானும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா, “எனக்கு அல்சர் இருக்கு தம்பி, இதைக் குடிச்சா நேத்து வயிறு எரிஞ்சது, குடிக்கலாமா?” என்று ஊற்றிய பையனைக் கேட்டார். “மூலிகைதாம்மா, ஒண்ணும் ஆகாது, குடிங்க” என்றான். அவன் தன்னார்வலர், அவனைக் குற்றம் சொல்ல மாட்டேன். அந்த அம்மாவின் பெயரை, வயதை, அல்சரை, எரிச்சலை யாராவது ஒரு நோட்டில் குறித்தார்களா என்றால், அங்கே நோட்டே இல்லை. ஒரு பெரிய மக்கள்கூட்டம் ஒரே மருந்தை ஒரே நேரத்தில் குடித்தது. ஆய்வாளர் ஒருவர் வாழ்நாள் முழுக்கத் தவமிருந்தாலும் கிடைக்காத வாய்ப்பு எங்கள் தெருமுனையில் அண்டாவோடு சேர்த்துக் கழுவி ஊற்றப்பட்டது.

இப்போது என் வேண்டுகோள்.

நீங்கள் ஹவுஸ் சர்ஜனாக ஓ.பி.யில் உட்காரும் முதல் நாளிலிருந்தே, கேஸ் ஷீட்டில் மருந்தின் பெயரை எழுதும் இடத்துக்குக் கீழே இன்னொரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ‘மருந்துக்குப் பின் வந்த தொந்தரவு’. நோயாளி மறுமுறை வரும்போது, குணமாகிறதா என்று கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். குணமாகிறதா என்று முதலில் கேட்டால், நம் ஊர் நோயாளி டாக்டர் மனம் நோகக் கூடாது என்று “பரவாயில்லைங்க” என்றுதான் சொல்வார். வயிறு எரிந்ததா, பேதி ஆனதா, தடிப்பு வந்ததா, தூக்கம் கெட்டதா, சிறுநீர் நிறம் மாறியதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். ஒன்றும் இல்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். அந்த ‘இல்லை’யும் நாளைக்கு எண்ணிக்கையில் சேரும். திரும்பி வராத நோயாளிகளைக் குணமானவர்கள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள், முடிந்தால் ஒரு போன் போடுங்கள்.

அவர் வேறு என்ன சாப்பிடுகிறார் என்று எழுதுங்கள். உங்கள் நாற்காலிக்கு முன்னால் உட்காரும் அறுபது வயதுக்காரர் பையில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை இருக்கும். ‘அதெல்லாம் நிறுத்திடுங்க’ என்று சொல்லும் அதிகாரத்தை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கும் இடத்தில் இந்த நாட்டில் உங்களைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆங்கில மருத்துவரிடம் அவர் உங்கள் சூரணத்தைப் பற்றி வாயே திறக்க மாட்டார், திட்டுவாரோ என்று.

சரக்கு எந்தக் கடையில் வாங்கியது, எந்த நிறுவனம், எந்தத் தொகுதி எண் என்று குறியுங்கள். பெல்ஜியத்துப் பெண்களைக் கெடுத்தது மூலிகை மருத்துவத்தின் கொள்கை இல்லை, மூட்டையில் மாறிப்போன ஒரு வேர். நாட்டு மருந்துக்கடையில் ஒரே பெயரில் இரண்டு மூன்று செடிகள் விற்பது உங்களுக்குத் தெரியாததா?

பிறகு அந்தப் பதிவை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். ஆயுஷ் அமைச்சகத்தின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் இதற்கென்றே படிவம் இருக்கிறது, தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதன் இடைநிலை மையங்களில் ஒன்று. படிவத்தை நிரப்புவது குற்றத்தை ஒப்புக்கொள்வது ஆகாது. சந்தேகம் இருந்தாலே அனுப்பலாம், மருந்துதான் காரணம் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. மூத்தவர் யாராவது “எதுக்குப்பா வம்பு” என்று கையைப் பிடித்தால், நேர்வாளத்துக்கு ஏன் முளை நீக்கச் சொன்னீர்கள் ஐயா என்று மரியாதையாகக் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

கடைசியாக, நீங்கள் நடத்தப்போகும் முதல் இலவச முகாமுக்குப் பதாகை அடிக்கக் கொடுக்கும்போது, அச்சகத்தில் வழக்கமான வாசகத்தைத் தயாராக வைத்திருப்பார்கள், ‘பக்கவிளைவுகள் அற்ற’ என்று தொடங்கும். அந்த வரியை அடித்துவிட்டு, ‘மருந்து சாப்பிட்ட பின் எந்தத் தொந்தரவு இருந்தாலும் எங்களிடம் சொல்லுங்கள்’ என்று போடச் சொல்லுங்கள். கீழே ஒரு தொலைபேசி எண்ணும் போடுங்கள், அழைத்தால் எடுக்கும் எண்ணாக.

அன்புடன்,
உங்கள் நூல்களின் வாசகர்களில் ஒருவனும், எப்போதாவது உங்கள் நோயாளியாக வரக்கூடியவனும்